சத்தத்தைக் கேட்டே பெயர் சொன்ன ஊர்

போர் விமானம் பார்ப்பதற்கென்றே வான் பிடித்துப் பயணம் போகிறவர்கள் உலகெங்கும் உண்டு. யாழ்ப்பாணத்துத் தொண்டைமானாற்றில் அந்த வித்தையை ஒரு தலைமுறை காதால் கற்றது.

காலை எட்டு மணி. தொண்டைமானாற்றுப் பாலத்தைத் தாண்டியதும் ஹயேஸ் வான் ஓரங்கட்டி நிற்கிறது. செல்வச்சந்நிதிக் கோயில் பக்கமிருந்து மணிச்சத்தம். கடல்நீரேரியில் தண்ணீர் அசையாமல் கிடக்கிறது. நெடுங்கால் பறவைகள் நாலைந்து சேற்றைக் கிளறுகின்றன. வானிலிருந்து இறங்குகிறவர்கள் நாலு பேர். மூவர் ஒரே வகுப்பில் படித்தவர்கள், ஐம்பது தாண்டியவர்கள். ஒருவர் லண்டன், ஒருவர் ரொறன்ரோ, ஒருவர் ஊரைவிட்டு எங்கும் போகாத ஆசிரியர். நாலாவது ஆள், லண்டன்காரரின் பதினாறு வயது மகன். கழுத்தில் தொலைநோக்கி, தோளில் முழங்கை நீளத்துக்கு லென்ஸ் பூட்டிய கமரா, கையில் கோடுபோட்ட குறிப்புப் புத்தகம்.

பயணத் திட்டம் பையனுடையது. இங்கிலாந்தில் சனிக்கிழமைகளில் விமானப்படைத் தளங்களின் வேலியோரம் நின்று, எந்த விமானம் எத்தனை மணிக்கு ஏறியது, வாலில் என்ன இலக்கம் என்று எழுதுவது அவனுக்கு விளையாட்டு. தகப்பன் பிறந்த ஊருக்குப் பக்கத்தில் பலாலித் தளம் இருக்கிறது என்று தெரிந்தபின் விடுவானா?

தென்மேற்கே எங்கோ ஒரு சத்தம். பையன் கைத்தொலைபேசியை எடுத்து, விமானங்களைக் காட்டும் செயலியைத் திறக்கிறான். திரையில் வெறும் கடல். தொலைநோக்கியைத் தூக்குகிறான். பனைமரங்களின் வட்டுக்கு மேல் எதுவும் தெரியவில்லை.

"ஹெலி," என்கிறார் தகப்பன், அண்ணாந்து பார்க்காமலே. "பெல்."

"பெல்லெண்டால் எந்தப் பெல்?" என்று கேட்கிறான் பையன்.

"212," என்கிறார் ஆசிரியர். "ரெண்டு தகடு. கேள், டப் டப் எண்டு வெட்டுது. நாலு தகடெண்டால் உப்பிடி வெட்டாது."

அரை நிமிடம் கழித்துத்தான் அது கண்ணுக்குத் தெரிகிறது. பையன் லென்ஸைத் திருகிப் பார்க்கிறான். சுழலியில் இரண்டே தகடுகள். ஆள் அசந்துபோய்த் திரும்பினால், ரொறன்ரோக்காரரைக் காணவில்லை. அவர் வீதியைக் கடந்து பூவரச மரத்தின் கீழே போய் நிற்கிறார். எப்போது போனார் என்று அவருக்கே தெரியாது.

வேலியோரத்துப் பொழுதுபோக்கு

விமானம் பார்ப்பது மேற்கில் பெரிய பொழுதுபோக்கு. வேல்ஸ் மலைகளுக்கிடையில் தாழப் பறந்து பயிற்சி எடுக்கும் ஜெட்டுகளைப் படம் பிடிக்க, 'மாக் லூப்' என்ற பள்ளத்தாக்கின் சரிவில் குளிரிலும் மழையிலும் ஆட்கள் காத்துக் கிடப்பார்கள். நண்பர்கள் கூடி, சாப்பாடு கட்டிக்கொண்டு, ஒரு தளத்திலிருந்து அடுத்த தளத்துக்கு வண்டியோட்டிப் போவது அந்த உலகத்தில் சுற்றுலா.

ஆனால் அந்தப் பழக்கம் பிறந்தது போரில். இரண்டாம் உலகப் போரின்போது பிரித்தானியாவின் கரையோரங்களில் தொண்டர்கள் இரவு பகலாக நின்று, வருவது ஜெர்மன் குண்டுவீச்சு விமானமா தங்கள் விமானமா என்று நிழலுருவத்தைப் பார்த்துச் சொன்னார்கள். அவர்களுக்கும் ஆர்வலர்களுக்குமாக 1941இல் 'தி ஏரோபிளேன் ஸ்பொட்டர்' என்று ஒரு பத்திரிகையே தொடங்கியது. போர் முடிந்தது; குண்டு விழுவது நின்றது; பார்க்கிற பழக்கம் மட்டும் தங்கிப் பொழுதுபோக்காயிற்று.

யாழ்ப்பாணத்திலும் முதல் பாதிக் கதை அதேதான். இங்கே நிழலுருவ அட்டை கிடையாது, தொண்டர் படை கிடையாது, பத்திரிகை கிடையாது. பத்து வயதுப் பிள்ளை ஒன்று அடுப்படியில் இருக்கும் தாய்க்குச் சத்தத்தை வைத்துச் சொல்லும்: இது சாமான் கொண்டுவருகிற விமானம், அலுவலைப் பார், இது குத்துகிற விமானம், பங்கருக்குள் ஓடு. பிழையாகச் சொன்னால் திருத்தி எழுத இன்னொரு முறை கிடைக்காத பாடம் அது. இரண்டாம் பாதிக் கதை, அதாவது பொழுதுபோக்காக மாறுவது, இங்கே நடக்கவில்லை. அந்த அறிவு எழுதப்படாமல் ஐம்பது வயதுக்காரர்களின் காதுக்குள்ளேயே கிடக்கிறது.

■ பெட்டி: ஊர் வைத்த பெயர்கள்

பொம்பர் – குண்டு போடும் எல்லாவற்றுக்கும் பொதுப் பெயர். "பொம்பர் சுத்துது" என்றால் இன்னும் நேரமிருக்கிறது. "குத்துறான்" என்றால் இல்லை.

சியாமாசெட்டி – இத்தாலியின் சியாய் மார்க்கெட்டி எஸ்எப்-260. விமானியைப் பழக்குவதற்கென்று செய்த சிறிய விமானம். 1980களின் நடுவில் இலங்கை விமானப்படைக்கு வந்தது. பெயரைக் கேட்டால் காரைக்குடி வியாபாரி போலிருக்கும்.

அவ்ரோ – பிரித்தானிய எச்எஸ்-748. ஆளும் சாமானும் ஏற்றுகிற இரட்டை எஞ்சின் விமானம்.

சகடை – கனத்த, மெதுவான, சாமான் ஏற்றும் விமானம். கோயில் திருவிழாவில் சாமியை வைத்து இழுக்கும் சில்லுப் பீடத்துக்கும் அதுதான் பெயர்.

சுப்பர்சொனிக் – சீனாவின் எப்-7. 1991இல் வந்தது.

புக்காரா – ஆர்ஜென்ரீனா செய்தது. 1990களின் முற்பகுதியில் நாலு வாங்கினார்கள். ஒன்று இப்போது இரத்மலானை விமானப்படை அருங்காட்சியகத்தில் நிற்கிறது.

கிபிர் – இஸ்ரேலிய ஜெட். 1996இலிருந்து. வன்னியில் இந்தச் சொல்லைக் கேட்டால் இன்றைக்கும் பேச்சு நின்றுவிடும்.

முதலை ஹெலி – இந்திய அமைதிப்படை 1987இல் கொண்டுவந்த மி-25. பின்னர் அதே குடும்பத்து மி-24ஐ இலங்கையும் வாங்கியது.

ஐந்து விநாடிக் கணக்கு

தொண்டைமானாறு என்றதும் வடக்கு கிழக்கில் உயர்தரம் படித்த எவருக்கும் சந்நிதிக்கு அடுத்ததாக நினைவுக்கு வருவது வெளிக்கள நிலையம். அதன் தவணைப் பரீட்சை வினாத்தாளில் தப்பினவன் உண்மைப் பரீட்சையிலும் தப்புவான் என்று ஒரு பேச்சு. அந்த நிலையத்தின் பௌதிகவியல் வினாத்தாளில் வரக்கூடிய ஒரு கணக்கை, ஊர்ப் பிள்ளைகள் கடதாசி இல்லாமல் செய்து பழகியிருந்தார்கள்.

சத்தம் ஒரு விநாடிக்கு ஏறத்தாழ 345 மீற்றர் போகும். விமானம் ஐந்து கிலோமீற்றர் தள்ளி இருக்கும்போது எழுந்த சத்தம் காதுக்கு வரப் பதினாலரை விநாடி. சியாமாசெட்டி மணிக்கு 350 கிலோமீற்றரில் வந்தால் அந்த ஐந்து கிலோமீற்றரைக் கடக்க ஐம்பத்தொரு விநாடி வேண்டும். ஆக, சத்தம் கேட்டபிறகு கையில் முப்பத்தாறு விநாடி. கிழவியைத் தூக்கிக்கொண்டு பங்கருக்குள் இறங்கலாம். கிபிர் மணிக்கு 900 கிலோமீற்றரில் வந்தால் அதே தூரத்துக்கு இருபதே விநாடி. சத்தம் வந்தபின் மிச்சம் ஐந்து விநாடி சொச்சம். அதற்குள் செய்யக்கூடியது நின்ற இடத்தில் குப்புறப் படுப்பதுதான்.

'கிபிர் வந்தபிறகு பங்கருக்கு ஓடுறதை விட்டிட்டம்' என்று வன்னியில் இருந்தவர்கள் சொல்வதன் கணக்கு இது.

பங்கருக்கும் ஒரு தொழில்நுட்பம் உண்டு. பனங்குற்றி அடுக்கி, மேலே மண்மூட்டை. நேர்கோடாக வெட்டினால் ஒரு வாசலில் விழும் குண்டின் சிதறல் மறு வாசல்வரை போகும். அதனால் மடித்து வெட்ட வேண்டும். 1990இல் யாழ்தேவி நின்றுபோனபின் தண்டவாளமும் சிலிப்பர் கட்டையும் பங்கர்க் கூரைகளாயின. 2014இல் ரயில் மறுபடி யாழ்ப்பாணத்துக்கு வந்தபோது பாதையைப் புதிதாகத்தான் போட வேண்டியிருந்தது.

மாலை போட வந்தவை

வடமராட்சி வானத்தின் கதையில் 1987 மே, ஜூன் மாதங்களுக்குத் தனி இடம். மே 26ஆம் தேதி இலங்கைப் படையின் 'ஒப்பரேஷன் லிபரேஷன்' தொடங்கியது. தரையில் படை தொண்டைமானாற்றுப் பக்கமிருந்து வல்வெட்டித்துறை நோக்கி நகர, வானத்திலிருந்து சியாமாசெட்டி, ஹெலி, குண்டு காவும்படி மாற்றிய அவ்ரோ எல்லாம் சேர்ந்து இறங்கின. கோயில்களில் போய் ஒதுங்குங்கள் என்ற துண்டுப்பிரசுரங்களையும் அதே வானம்தான் போட்டது.

அடுத்த வாரம் ஜூன் 3ஆம் தேதி, இந்தியா அனுப்பிய 19 நிவாரணப் படகுகளை இலங்கைக் கடற்படை நடுக்கடலில் மறித்துத் திருப்பி அனுப்பியது. மறுநாள் பிற்பகல், பெங்களூரிலிருந்து ஐந்து ஏஎன்-32 விமானங்கள் கிளம்பின. காவலுக்கு மிராஜ் 2000 போர் விமானங்கள். புதுடில்லியில் இலங்கைத் தூதரை அழைத்துச் செய்தி சொன்னது விமானங்கள் கிளம்புகிற வேளையில்தான். தடுத்தால் பதிலடி என்பதும் அதில் அடக்கம். யாழ்ப்பாணத்தின் மேலே இருபத்தைந்து தொன் அளவில் அரிசியும் பருப்பும் மருந்தும் குடைவிரித்து இறங்கின. இந்தியா வைத்த பெயர் 'பூமாலை'. கொழும்பு வைத்த பெயர் 'பருப்பு'; அந்தக் கேலி இன்றுவரை சிங்களத்தில் உயிரோடிருக்கிறது.

நண்பர்கள் மூவருக்கும் அப்போது பதினைந்து பதினாறு வயது. "முதல் முறையாச் சத்தம் கேட்டு வெளியில ஓடினது அண்டைக்குத்தான்," என்கிறார் ஆசிரியர். "அதுவரைக்கும் உள்ளுக்குத்தானே ஓடுறது."

அந்த ஆசுவாசத்துக்கு ஆயுசு நாலு மாதம். ஒக்டோபரில் இந்திய அமைதிப்படைக்கும் விடுதலைப் புலிகளுக்கும் சண்டை தொடங்கியது. ஒக்டோபர் 11 நள்ளிரவையொட்டிப் பலாலியிலிருந்து மி-8 ஹெலிகள் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மைதானத்தில் படையினரை இறக்கப் போயின. அப்படி இறங்கிய சீக்கியக் காலாட்படையினர் முப்பது பேரில் உயிர் தப்பியவர் ஒருவர். பின்னர் வந்தது முதலை ஹெலி. ஏஎன்-32இன் கதை பூமாலையோடு முடியவில்லை. அதே வகை விமானத்தை 1995இலிருந்து இலங்கை விமானப்படையும் ஓட்டியது. பூமாலை போட்ட சத்தம் எது, மற்றச் சத்தம் எது என்று பிரித்துச் சொல்ல எந்தக் காதாலும் முடியாது.

நிற்கக்கூடாத வீதி

வான் அச்சுவேலி வழியாக வசாவிளானுக்குத் திரும்புகிறது. வழியில் பெரிய வாக்குவாதம். சகடை என்றது எதை?

"அவ்ரோவைத்தான்," என்கிறார் ரொறன்ரோக்காரர்.

"விசர்க்கதை. வை-எய்ட். சீனாக்காரன்ர. நாலு எஞ்சின்," என்கிறார் லண்டன்காரர்.

"உங்கட ஊரில அது, எங்கட ஊரில இது," என்று ஆசிரியர் சமாதானம் செய்கிறார். ஒருவேளை அதுதான் சரி. பறந்தவை எல்லாம் சாமான் ஏற்றச் செய்த விமானங்கள். கதவுக்குள்ளால் குண்டையும் வெடிமருந்து அடைத்த பீப்பாயையும் தள்ளிவிட்டார்கள். சத்தமும் வேகமும் ஒன்றுபோல இருந்தால் ஊர் ஒரே பெயரைத்தான் வைக்கும். பையன் புத்தகத்தில் இரண்டு பெயரையும் எழுதிக் கேள்விக்குறி போடுகிறான்.

பலாலித் தளத்தை இரண்டாம் உலகப் போரில் பிரித்தானிய விமானப்படை அமைத்தது. போர் முடிந்தபின் 1947 டிசம்பர் 10ஆம் தேதி எயார் சிலோனின் முதல் பயணிகள் விமானம் இரத்மலானையிலிருந்து இங்கே இறங்கித்தான் சென்னைக்குப் போனது. 1990 ஜூனில் பலாலி, மயிலிட்டி, வசாவிளான் மக்கள் ஊரைவிட்டு ஓடியபின், தளத்தைச் சுற்றிய நிலம் உயர் பாதுகாப்பு வலயமானது. வீடு, கிணறு, பள்ளிக்கூடம், கோயில், செம்மண் தோட்டம் எல்லாம் வேலிக்கு அந்தப் பக்கம். வளலாயில் ஒரு பகுதி 2015இல் திரும்பியது. மயிலிட்டித் துறைமுகம் 2017 ஜூலையில், இருபத்தேழு வருடம் கழித்து. இன்னும் திரும்பாத காணிகளின் உறுதிகள் டிரங்குப் பெட்டிகளில் கிடக்கின்றன. முகாம்களிலும் வாடகை வீடுகளிலும் வளர்ந்து, பிள்ளை பெற்று, பேரன் கண்டவர்கள் தங்கள் காணிக்கு மேலே விமானம் ஏறி இறங்குவதை வெளியே நின்று பார்க்கிறார்கள். விமானம் பார்ப்பவர்களில் அவர்களும் ஒரு வகை.

■ பெட்டி: 2025 ஏப்ரல் 10

வசாவிளான் சந்தியிலிருந்து பலாலி போகும் வீதித்துண்டு முப்பத்தைந்து வருடங்களின்பின் பொதுமக்களுக்குத் திறந்தது. திறந்தபோது வைத்த நிபந்தனைகள்: காலை 6 மணியிலிருந்து மாலை 5 மணிவரை மட்டும். வேகம் 40 கிலோமீற்றருக்குள். வாகனத்தை நிறுத்தக்கூடாது. திருப்பக்கூடாது. நடந்து போகக்கூடாது. படம் எடுக்கக்கூடாது.

விமானம் பார்க்க இவ்வளவு தூரம் வந்தவனுக்கு, தளத்தை ஊடறுத்துப் போகும் வீதியில் கமராவைப் பைக்குள் வைத்துச் சிப் இழுத்து மூடச் சொல்லித் தகப்பன் சொல்கிறார். பையன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறான். இரண்டு பக்கமும் முள்வேலி. அதற்கப்பால் பற்றைக்குள் கூரை போன வீடுகள். 'அந்த மதில்...' என்று தொடங்கி ஆசிரியர் நிறுத்திவிடுகிறார்; வான் அதற்குள் தாண்டிவிட்டது.

தகப்பனின் எச்சரிக்கை வெறும் பயமல்ல. 2001 நவம்பரில் கிரேக்க நாட்டின் கலமாட்டா நகரில் விமானத் தளம் ஒன்றைப் பார்க்கப்போன பன்னிரண்டு பிரித்தானியரையும் இரண்டு டச்சுக்காரரையும் உளவாளிகள் என்று பிடித்து அடைத்தார்கள். வால் இலக்கத்தை எழுதுவது பொழுதுபோக்கு என்பதை நீதிமன்றம் நம்பவில்லை. 2002 ஏப்ரலில் குற்றவாளிகள் என்று தீர்ப்பு. நவம்பரில் மேல்முறையீட்டில்தான் விடுதலை. 2010இல் டில்லி விமான நிலையத்துக்கு அருகே ஹோட்டல் அறையிலிருந்து விமானங்களைக் கவனித்த இரண்டு பிரித்தானியரும் பிடிபட்டு, தண்டம் கட்டித்தான் ஊர் போனார்கள். இலங்கையில் 1955ஆம் ஆண்டின் அரச இரகசியச் சட்டம் இருக்கிறது. தமிழ்ப் பெயர் கொண்ட ஒருவன் பலாலி வேலியோரம் நீள லென்ஸோடு நின்றால், 'ஹொபி சேர்' என்ற விளக்கம் எத்தனை நிமிடத்துக்குச் செல்லும் என்பதைச் சட்டப் புத்தகம் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை.

வசாவிளான் திரும்பிப் புன்னாலைக்கட்டுவன் பக்கம் வரும்போது ஒரு ஏடிஆர் தாழ்ந்து இறங்குகிறது. இம்முறை செயலியில் எல்லாம் தெரிகிறது: சென்னையிலிருந்து, வேகம், உயரம். 2019 ஒக்டோபர் 17இல் இந்தத் தளம் யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையமானது. கொரோனாவில் மூடி, 2022 டிசம்பரில் மறுபடி சென்னைப் பறப்பு. 2024 செப்டெம்பரில் இண்டிகோவும் வந்தது. பையனுக்குப் பயணிகள் விமானத்தில் அக்கறை இல்லை. ஆனாலும் எழுதிக்கொள்கிறான்.

நவாலியும் நாகர்கோவிலும்

பயணத்தில் பையன் போடாத இரண்டு இடங்களைத் தகப்பன் சேர்த்திருந்தார்.

நவாலி சென் பீற்றர்ஸ் தேவாலயம். 1995 ஜூலை 9. 'முன்னேறிப் பாய்தல்' நடவடிக்கையில் வலிகாமம் மேற்கிலிருந்து ஓடிவந்தவர்கள் தேவாலயத்திலும் அயலிலும் களைத்துப்போய் இருந்த வேளை குண்டுகள் விழுந்தன. நூற்றுக்கு மேற்பட்டவர்கள் செத்தார்கள். வந்தது புக்காரா. ஐந்து நாள் கழித்து, ஜூலை 14இல், புலிகளின் எதிர்த்தாக்குதலில் ஒரு புக்காரா சுட்டு விழுத்தப்பட்டது. செய்தி கேட்டு ஊர் கைதட்டியது. விமானிக்கும் வீடொன்று இருந்திருக்கும் என்பது அன்றைக்கு யாருக்கும் தோன்றவில்லை. தோன்றுகிற நிலையில் யாரும் இருக்கவில்லை.

நாகர்கோவில் மகா வித்தியாலயம், வடமராட்சி கிழக்கு. 1995 செப்டெம்பர் 22. மதிய இடைவேளையில் பள்ளிக்கூட வளவில் குண்டு. இருபதுக்கு மேற்பட்ட மாணவர்கள் போனார்கள். முதல் நாள்தான் அரசாங்கம் போர்ச் செய்திகளுக்குத் தணிக்கை கொண்டுவந்திருந்தது. அதனால் நாட்டின் மற்றப் பாதி அந்தச் செய்தியை அன்றைக்கு வாசிக்கவே இல்லை.

நினைவுத் தூபியில் பெயர்களும் வயதுகளும் வெட்டியிருக்கின்றன. வால் இலக்கம் எழுதுகிற பையன் வயதுகளை விரலால் தொட்டு வாசித்துக்கொண்டு போகிறான். பலர் அவனைவிடச் சிறியவர்கள்.

இரண்டு பக்கமும் விழுந்தவை

வானத்தில் ஒரு பக்கம் மட்டும் சாகவில்லை. 1995 ஏப்ரல் 28, 29 ஆகிய இரண்டு நாளும் அடுத்தடுத்து இரண்டு அவ்ரோக்களைப் பலாலிக்கு அருகே புலிகளின் ஏவுகணைகள் விழுத்தின. இரண்டிலும் சேர்த்துத் தொண்ணூறுக்கு மேற்பட்ட படையினர். அதற்குப் பிறகுதான் வானத்தின் குணம் மாறியது: தாழப் பறந்தவை உயரப் போயின, உயரத்திலிருந்து போட்ட குண்டு இன்னும் கண்டபடி விழுந்தது. ஏவுகணை வந்தபின் சனத்துக்கு ஆறுதல் வரவில்லை, குறி தவறுகிற குண்டுதான் கூடிற்று என்று அந்த நாட்களைக் கண்டவர்கள் சொல்வதில் தர்க்கம் இருக்கிறது.

1998 செப்டெம்பர் 29இல் பலாலியிலிருந்து இரத்மலானைக்குக் கிளம்பிய லயன் எயார் அன்டனோவ் மன்னார்க் கடலுக்கு மேலே காணாமற்போனது. ஐம்பத்தைந்து பேர். பயணிகளில் பெரும்பாலானோர் கொழும்புக்கும் வெளிநாட்டுக்கும் போகக் காத்திருந்த தமிழர்கள். புலிகள் சுட்டார்கள் என்பதே விசாரணைகளின் முடிவு. போர் முடிந்து மூன்று வருடம் கழித்து, 2012இல், இரணைதீவுக்கு அப்பால் கடலடியில் உடைந்த பாகங்கள் கிடைத்தன. 2013இல் கடலிலிருந்து எடுத்த உடுப்புகளை யாழ்ப்பாணத்தில் பரப்பி வைத்தார்கள். பதினாலு வருடம் உப்புத் தண்ணீரில் கிடந்த சட்டையைப் பிள்ளைகள் தகப்பனுடையது என்று அடையாளம் காட்டினார்கள்.

பிறகு புலிகளுக்கே விமானம் வந்தது. செக் நாட்டின் சிலின்-143, நாலு பேர் இருக்கும் சிறு விமானம். 2007 மார்ச் 26 கட்டுநாயக்கா, ஏப்ரல் 24 பலாலி, ஏப்ரல் 29 விடிகாலை கொழும்பின் எண்ணெய்க் குதங்கள். கடைசி நாள், பார்படோஸில் இலங்கையும் அவுஸ்திரேலியாவும் உலகக் கிண்ண இறுதியாட்டம் ஆடிக்கொண்டிருந்த இரவு. கொழும்பில் மின்சாரத்தை அணைத்தார்கள். இருட்டில் கிரிக்கெட்டும் போய், தலைக்கு மேலே ஒரு மெல்லிய எஞ்சின் சத்தம் வருகிறதா என்று தலைநகரமே காது கொடுத்தது. இத்தாலிக்காரன் பழகுவதற்குச் செய்த விமானம் யாழ்ப்பாணத்தில் குண்டு போட்டது. செக்காரன் செய்த சிறு விமானம் கொழும்பில் போட்டது. வடக்கு இருபது வருடம் படித்த பாடத்தில் கொழும்புக்கு வந்தது ஒரு சில அதிகாரம்தான். 2009 பெப்ரவரி 20இல் கடைசி இரண்டு விமானங்களில் ஒன்று கொழும்பிலும் மற்றது கட்டுநாயக்காவிலும் விழுந்ததோடு அதுவும் முடிந்தது. இரணைமடுவில் புலிகள் போட்ட ஓடுபாதை இப்போது இலங்கை விமானப்படையின் தளம்.

மறக்காத காது

போர் உடலில் என்ன விட்டுவிட்டுப் போகிறது என்பதை யாழ்ப்பாணத்திலேயே இருந்து எழுதியவர் உளமருத்துவர் தயா சோமசுந்தரம். 1998இல் வந்த அவருடைய 'ஸ்கார்ட் மைண்ட்ஸ்' என்ற ஆங்கில நூல், குண்டும் எறிகணையும் இடப்பெயர்வும் ஒரு சமூகத்தின் மனத்தில் விட்ட வடுக்களைத் தொகுத்தது. சத்தம் கேட்டால் திடுக்கிடுவது அதில் மிகச் சாதாரண அடையாளம். ரொறன்ரோவில் ஒவ்வொரு கோடை முடிவிலும் ஒன்ராறியோ ஏரிக்கரையில் விமானக் கண்காட்சி நடக்கும். ஜெட்டுகள் நகரத்துக்கு மேலே சுற்றும். ஊர் பார்க்கப் போகும். ஸ்காபரோவில் சில தமிழ் வீடுகளில் அந்த வாரக்கடைசியில் யன்னல் சாத்தியிருக்கும். பூவரச மரத்தடிக்குப் போனவர் அப்படி ஒரு வீட்டுக்காரர்தான்.

எல்லாருக்கும் அப்படியில்லை. 2024 மார்ச்சில் யாழ்ப்பாணம் முற்றவெளியில் விமானப்படை நடத்திய கண்காட்சிக்குப் பிள்ளைகள் கூட்டம் கூட்டமாகப் போனார்கள், ஹெலிக்கு முன்னால் நின்று படம் எடுத்தார்கள். 2009க்குப் பின் பிறந்த பிள்ளைக்கு அது இயந்திரம். கூட்டிப்போன தகப்பனுக்கு என்ன என்று அவரைத்தான் கேட்க வேண்டும். அதே வருடம் ஒக்டோபர் 6இல் சென்னை மெரினாவில் இந்திய விமானப்படையின் சாகசத்தைப் பார்க்கப் பத்து இலட்சத்துக்கு மேற்பட்டோர் திரண்டார்கள். வெயிலும் நெரிசலுமாக ஐந்து பேர் இறந்தார்கள். போர் விமானத்தைப் பார்ப்பதற்குத் தமிழர் இப்படியும் கூடுவார்கள் என்பதை வடமராட்சிக்காரர்கள் தொலைக்காட்சியில் வியப்போடு பார்த்தார்கள்.

கிபிர் இன்னும் முடிந்த கதை அல்ல. 2021இல் ஐந்து கிபிர்களைப் புதுப்பிக்க இஸ்ரேலிய நிறுவனத்தோடு இலங்கை 49 மில்லியன் டொலருக்கு ஒப்பந்தம் செய்தது. அந்தச் சத்தம் ஒருநாள் மறுபடி வடக்கு வானத்தில் கேட்கலாம். வெறும் பயிற்சிப் பறப்பாகத்தான் இருக்கும். காதுக்கு அதைச் சொல்லி விளங்கப்படுத்துவது யார்?

மாலை. வான் மறுபடி தொண்டைமானாற்றில். ஆற்றுக்கட்டில் மூவரும் காலைத் தொங்கப்போட்டுக்கொண்டு கடலை கொறிக்கிறார்கள். பையன் புத்தகத்தை விரித்து வைத்திருக்கிறான். இன்றைய கணக்கு: ஒரு பெல் 212, ஒரு ஏடிஆர். இங்கிலாந்தில் ஒரு சனிக்கிழமைக்கு இருபது எழுதுகிறவன். பக்கத்தைத் திருப்பிப் புதிதாகக் கோடு போடுகிறான். தேதி, இடம், வகை, உயரம், இலக்கம்.

"சொல்லுங்கோ," என்கிறான்.

முதலில் சிரிக்கிறார்கள். பிறகு ஆசிரியர் தொடங்குகிறார். 1987 மே, வல்வெட்டித்துறை, சியாமாசெட்டி. லண்டன்காரர் இடைமறிக்கிறார், அது மே கடைசி, செவ்வாயோ புதனோ. ஜூன் 4, ஏஎன்-32, ஐந்து. 1990, யாழ்ப்பாணக் கோட்டை, சகடை – மறுபடி வாக்குவாதம். 1995, புக்காரா. ரொறன்ரோக்காரர் மெல்லச் சேர்ந்துகொள்கிறார், ஒரு பக்கம் நிறைகிறது, மறுபக்கம் போகிறது. இலக்கம் என்ற நிரல் மட்டும் மேலிருந்து கீழ்வரை வெறுமையாக இருக்கிறது.

"வால் இலக்கம் ஒண்டுகூட ஞாபகம் இல்லையா, மாமா?"

"தலையை வெளியில நீட்டினாத்தானே தம்பி," என்கிறார் ஆசிரியர்.

"அப்ப உயரம்?"

மூவரும் ஒரே நேரத்தில் ஆற்றுக்கு அந்தப் பக்கம் நிற்கும் பனைகளைப் பார்க்கிறார்கள்.

"அவ்ரோ நாலு பனை," என்கிறார் ரொறன்ரோக்காரர். "முதலை ரெண்டு."

பையன் அப்படியே எழுதிக்கொள்கிறான்.